குசினி யன்னலில் உதித்தது

ஸ்னேவோக் என்ற அந்த மீன்பிடி ஊரில் கார்த்திகை முடியும் நேரம் கீழே இறங்குகிற சூரியன் தைப்பொங்கலும் கழிந்து ஒரு கிழமை போனபிறகுதான் மலைக்கு மேலே ஒரு கீற்றாய்த் தலைகாட்டும் என்பதும், இடைப்பட்ட காலத்தில் மத்தியானத்தில் மட்டும் வானம் கொஞ்சம் நீலம் பாரித்துவிட்டுத் திரும்ப மூடிக்கொள்ளும் என்பதும், நோர்வேயின் வடக்குக் கடைசித் தொங்கலில் கிடந்த அந்த இருட்டுக்குள்ளேயே மனிதர்கள் பிறந்து கலியாணம் கட்டி மீன் வெட்டிச் செத்தும் போகிறார்கள் என்பதும் அங்கே எல்லாருக்கும் பழகிப்போன விஷயங்கள். ஆகவே பரராஜசிங்கத்தின் வீட்டுக் குசினி யன்னலில் மார்கழி மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில் காலமை ஆறு மணிக்குச் சூரியன் உதித்தபோது, அது உதித்ததைவிடச் செவ்வாய்க்கிழமை பார்த்து உதித்ததுதான் கொஞ்சம் கரைச்சலாக இருந்தது, ஏனென்றால் செவ்வாய்க்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கிற முறை கீழ்வீட்டுக் குன்வூருடையது.

அதற்கு முதல்நாள் நடந்ததை முதலில் சொல்லவேண்டும்.

பரராஜசிங்கம் தன் சொந்த ஊரான கரவெட்டியில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவர். ஸ்னேவோக்கில் மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்கினார். ஆறு வருஷம் தூக்கி, ஏழாவது வருஷம் ஈரத் தரையில் வழுக்கிப் பெட்டியோடு விழுந்து, முதுகெலும்பில் ஏதோ ஒன்று இடம்மாறிப்போய்க் கதிரையில் இருந்தார். அவருடைய மனைவி தவமலர் பின்னேரங்களில் பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்தாள். அதே பள்ளிக்கூடத்தில் பகலில் படித்தவள் அவர்களுடைய ஒரே மகள், பதின்மூன்று வயதுச் சுகிர்தா. ஆனால் படிப்பு அவளுக்கு இரண்டாவது வேலை. முதல் வேலை, ஏழு வயதிலிருந்து, அந்த வீட்டுக்கு வாயாக இருப்பது. மின்சாரக்காரன் வந்தால் அவள், வங்கிக்குப் போனால் அவள், அம்மாவின் வயிற்றில் தங்காமல் போன குழந்தையைப் பற்றி வைத்தியர் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அதே தாழ்ந்த குரலில் தமிழில் அம்மாவுக்குச் சொன்னதும் அவள். ஒரு பிள்ளைக்குத் தெரியத் தேவையில்லாத எத்தனையோ சங்கதிகள் அவளுடைய வாய்வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் நடந்து வந்தன. அப்பா அதற்கொரு சட்டம் வைத்திருந்தார். "நான் சொன்னதைச் சொல்லு, அவை சொன்னதைச் சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தராசில நிறுத்த மாதிரி இருக்கவேணும்."

அந்தத் திங்கட்கிழமை தொழிற்சாலை முகாமையாளர் ஸ்வெர்ரே வந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு வந்து குசினி மேசைக்கு முன்னால் இருந்தார். பெரிய உடம்பும் சின்னக் குரலும் கொண்ட மனிதர். அவருடைய நோர்வே மொழியில் ஊர்த் தலைவரையும் நாயையும் ஒரே 'நீ'யால்தான் கூப்பிடுவார்கள். அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது மரியாதையைச் சுகிர்தாதான் தன் கையிலிருந்து போடவேண்டும்.

"பரா, வைத்தியர் என்னிடம் பேசினார். பெட்டி தூக்குவது இனி உன்னால் முடியாது," என்றார் ஸ்வெர்ரே. "தூண்டில் கொட்டிலில் ஓர் இடம் இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு கொளுக்கிகளில் இரை குத்துகிற வேலை. உனக்கு வேண்டுமா?"

சுகிர்தா சொன்னாள். அப்பாவின் முகத்தில் வெளிச்சம் ஒன்று ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். ஆனால் அவருடைய வாய் கரவெட்டி வாய். அது தனக்குப் பழகியதைச் செய்தது.

"சேச்சே, வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. அவருக்கேன் வீண் கரைச்சல்."

அவர்களுடைய ஆட்களுக்குள் முதலாவது வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது, கேட்கிறவர் மனதோடுதான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாந்தரம் கேட்டபிறகுதான், "சரி, நீங்கள் இவ்வளவு சொல்லுறியள்" என்று, ஏதோ கேட்டவருக்கு உதவி செய்கிறமாதிரிக் கையை நீட்டுவது. முதல்தரமே சரி என்று சொல்கிறவனைச் சாப்பாடு காணாதவன் என்று ஊர் நினைக்கும். இது சுகிர்தாவுக்குத் தெரியும். ஸ்வெர்ரேயின் ஆட்களுக்குள் ஒருவரிடம் ஒருதரம்தான் கேட்பார்கள் என்பதும், இரண்டாந்தரம் கேட்டால் 'உனக்கு உன் மனமே தெரியாது' என்று அவரை அவமதித்ததாகிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தக் குசினியில் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். என்றாலும் தராசு தராசுதான். அவள் நிறுத்துச் சொன்னாள்.

"வேண்டாமாம்."

ஸ்வெர்ரே புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். "சரி," என்றார். கோப்பியின் கடைசி மிடறைக் குடித்தார். "அப்படியென்றால் மாசி முடிவில் வீட்டை விடவேண்டியிருக்கும். இது தொழிற்சாலை வீடு, வேலை செய்கிறவர்களுக்கு." தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

சுகிர்தா அதையும் சொன்னாள். பரராஜசிங்கம் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, போயிட்டாரே? சும்மா வெருட்டிப் பாக்கிறார். திரும்பிக் கேப்பார்," என்றார். ஸ்வெர்ரே வருவார் என்று இராச்சாப்பாடு வரைக்கும் மேற்சட்டையைக் கழற்றாமல் இருந்தார்.

தவமலர் அடுப்பைத் துடைத்தபடியே, திரும்பாமல் சொன்னாள். "இஞ்சருங்கோ, இந்த ஊரில வேற வாடகை வீடில்லை. ஒஸ்லோவில என்ர தங்கச்சி வீட்டு நிலவறைக்குள்ளதான் போய் விழவேணும். கரவெட்டியிலயிருந்து சட்டிபானை கட்டினன், கொழும்பில ரெண்டுதரம் கட்டினன், அகதிக் காம்பில கட்டினன். இனி ஒரு சிரட்டையும் கட்டமாட்டன். சொல்லிப்போட்டன்."

சுகிர்தா ஸ்வெர்ரே இருந்த கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டாள்.

அடுத்தநாள் காலமைதான் அது உதித்தது. தேத்தண்ணிக்குக் கேத்திலை வைக்கப் போன தவமலர், வடக்குப் பார்த்த யன்னலின் வலதுபக்க மூலையிலிருந்து மஞ்சளாய் ஏறி வந்த வட்டத்தைப் பார்த்து, முதலில் யன்னல்சீலையை இழுத்து மூடினாள், ஏனென்றால் மேசைவிரிப்பு புதிசு, சாயம் போய்விடும். பிறகு யோசித்துத் திறந்தாள். "பிள்ளை, எழும்பு, வெய்யில் வந்திருக்கு. அந்தத் தலையணையளைக் கொண்டுவா, புழுங்கல் மணம் போகட்டும்."

"எந்தப் பக்கத்தால?" என்று அறைக்குள்ளிருந்து அப்பா கேட்டார்.

"வடக்கால."

"வடக்காலயோ. சரி." சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, கதிரையைத் திருப்பிப் போட்டு, முதுகை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

வெளியிலிருந்து பார்த்தால் அது மற்ற யன்னல்களைப்போல ஒரு யன்னல், அதற்கு எதிரே குளிர்க்களஞ்சியத்தின் சுவர், இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடியும் உருகாத பனி. வெளிச்சம் உள்ளேதான் விழுந்தது. வலதில் எழும்பி, மத்தியானம் மேற்சட்டத்துக்குள் ஒளிந்து, பின்னேரம் இடதுபக்கமாய் இறங்கி, ஆறு மணிக்கு அணைந்தது. குன்வூர் தன்னுடைய தோய்ப்பு முறையில் யாரோ கையை வைத்துவிட்டார்கள் என்று முறையிட மேலே ஏறி வந்தவள், தவமலர் தோய்த்துப் போட்டுக் கொடியில் ஆடிய உடுப்புகளையும் தரையில் கிடந்த வெயிலையும் பார்த்து, கீழே போய்த் தன் ஈர உடுப்புக் கூடையோடு திரும்பி வந்தாள். அன்று பின்னேரம் கூட்டுறவுக் கடையில் உருளைக்கிழங்கு வந்திருப்பதைச் சொல்வதுபோல, "மேல்வீட்டில் சூரியன் இருக்கிறது" என்று சொன்னாள். ஊருக்கு அது போதும்.

வந்தார்கள். வாசலில் சப்பாத்துகள் வரிசை பிடித்து, படிக்கட்டில் இறங்கி, கீழ்க்கதவு வரைக்கும் போயின. நகரசபைப் பொறியியலாளர் கருவிகளோடு வந்து, யன்னல் பிணைச்சல்கள் நல்லநிலையில் இருப்பதாகவும், காற்றொழுக்கு இல்லை என்றும், யன்னலுக்குள் சூரியன் இருக்கக்கூடாது என்று கட்டடச் சட்டத்தில் எங்கும் இல்லை என்றும் கண்டுபிடித்து, தடித்த சீலை போடும்படி புத்திமதி சொல்லிவிட்டு, பின்னேரம் மனைவியோடும் மாமியாரோடும் திரும்பி வந்தார். பாதிரியார் இதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யலாம் என்று யோசிக்க வந்து, யோசிக்கும்போதே கதிரையில் நித்திரையாகிவிட்டார். பஸ் சாரதி இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் வந்து, கண்ணை மூடிக்கொண்டு யன்னலடியில் நின்றுவிட்டுப் போனார். வாத்தியார் பிள்ளைகளைப் பகுதி பகுதியாகக் கூட்டி வந்தார். யாரோ தக்காளி நாற்றுச் சட்டிகளை யன்னல் விளிம்பில் வைத்தார்கள், பிறகு அவற்றை யாரும் எடுக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் ஒரு கன்னம் மட்டும் சிவந்தது. காலமை முறைக்காரருக்கு ஒரு கன்னம், பின்னேர முறைக்காரருக்கு மற்றக் கன்னம். கடையில் வரிசையில் நிற்கும்போது ஒருவரையொருவர் கன்னம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். இருட்டுக் காலத்தில் வழக்கமாகக் குடித்துவிட்டு அழுகிறவர்கள் அந்த வருஷம் குடிக்க மறந்துபோனார்கள் என்று பேச்சு.

ஊரிலிருந்த தமிழ்க் குடும்பங்களும் வராமல் இல்லை. குறைசொல்ல வந்தார்கள். தொழிற்சாலையில் மீன் கழுவுகிற வல்லிபுரம் அண்ணை வெயிலுக்குள் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெய்யில் நல்லதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எங்கட பங்குனி வெய்யில் மாதிரிச் சுள்ளெண்டு இல்லைப் பாருங்கோ," என்றார்.

"அப்ப உங்கட யன்னலில நல்லதாய் ஒண்டை வரச்சொல்லுங்கோவன்," என்றாள் தவமலர்.

"என்ர யன்னலுக்கு முன்னால தேவாலயக் கோபுரம் மறைக்குது, தங்கச்சி. இல்லாட்டி வந்திருக்கும்."

அவர் கொட் மீனைப் பிளந்து உப்புப் பூசிக் கொண்டுவந்து யன்னலடியில் பரப்பினார். குன்வூர் மூக்கைப் பொத்தினாள். அந்த ஊரில் மீனை உப்பில்லாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் காயவைப்பதுதான் ஆயிரம் வருஷத்து வழக்கம். வெயிலில் காய்ந்தால் மீன் கெட்டுப்போகும் என்று அவள் சொன்னாள். சுகிர்தா அதை நிறுத்துச் சொன்னாள். "உப்புப் போடாத மீனை ஒரு சாமானெண்டு தொங்கவிடுறவையோட எனக்கென்ன கதை, இதையும் சொல்லு பிள்ளை," என்றார் வல்லிபுரம் அண்ணை. அதையும் சொன்னாள். இரண்டு பேரும் அந்த மார்கழி முழுவதும், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல், சுகிர்தாவை நடுவில் வைத்துச் சண்டை பிடித்து, கடைசியில் ஒருவர் வராத நாளில் மற்றவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

வெயில் வந்ததால் வீட்டில் வறுமை போய்விட்டது என்று யாரும் நினைக்கக்கூடாது. வறுமை வெயிலில் இன்னும் வடிவாய்த் தெரிந்தது. வந்தவர் எல்லாருக்கும் தவமலர் தேத்தண்ணி ஊற்றினாள். வேண்டாம் என்றார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டாம்; அவள் இரண்டாந்தரம் கேட்டாள், மூன்றாந்தரம் கேட்கும்போதே ஊற்றியும் விட்டாள், சீனி அள்ளிப் போட்டு. நாலாம் நாளிலிருந்து யாரும் மறுக்கவில்லை. "இந்த வீட்டில் வேண்டாம் என்ற சொல்லுக்கு வேலை கிடையாது," என்று குன்வூர் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அந்தச் சொல் அந்த வீட்டாருடைய வாயிலிருந்து வரும்போதும் அப்படித்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பெட்டி நிறைய உருளைக்கிழங்கோடும், அன்றைக்குப் பிடித்த மீனோடும், துணியால் மூடிய கேக்கோடும் வந்தார்கள். தவமலர் இரண்டு கையையும் அசைத்து, "ஐயையோ, இதேன் இதெல்லாம், வேண்டாம் வேண்டாம்," என்றாள். சுகிர்தா நிறுத்துச் சொன்னாள். அவர்கள், எவ்வளவு நேர்மையான பெண் என்று மெச்சி, உருளைக்கிழங்கைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேக்கின் மணம் மட்டும் கொஞ்ச நேரம் குசினியில் நின்றது. சீனித் தகரப்பேணி அடியைக் காட்டியது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சுகிர்தா சொன்னாள். "அம்மா, இவை ஒருக்காத்தான் கேப்பினம். வேணுமெண்டா முதல்தரமே ஓமெண்டு சொல்லவேணும்."

"முதல்தரமே ஓமெண்டு சொல்லுறதுக்கு நாங்கள் என்ன கையேந்திக்கொண்டோ இருக்கிறம்? நீ உன்ர வேலையைப் பார்."

"நாங்கள் கேக்காட்டி மாசியோட வீடு போகுதம்மா."

தவமலர் கழுவின கோப்பையை இன்னொருதரம் கழுவினாள். அப்பா, முதுகு வெயிலில் கிடக்க, "திரும்பிக் கேப்பார்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஸ்வெர்ரேயோ, ஊரே வந்துபோன அந்த வீட்டுக்கு வராமலே இருந்தார். அவர் ஒருவரின் இரண்டு கன்னங்களும்தான் வெள்ளையாக இருந்தன. வெயிலைத் தேடி வந்துவிட்டு வீட்டைக் கேட்கிறவன் ஆகக்கூடாது என்று அவர் நினைத்தாராம். அதைப் பிறகுதான் சொன்னார்.

பொங்கல் வந்தது. அதற்கு முந்திய வருஷங்களில் அவர்கள் இருட்டைப் பார்த்துப் பொங்கிவிட்டு, சூரியன் எங்கேயோ ஓரிடத்தில் இருக்கும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டவர்கள். இந்த வருஷம் அடுப்புக்கு நேரே, எட்டித் தொடுகிற தூரத்தில், அது வந்து நின்றது. பால் பொங்கி வழிந்த நேரம் புகையெச்சரிக்கை மணி கத்தியது. வல்லிபுரம் அண்ணை அதைச் சங்கு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். குன்வூர் கை தட்டினாள். தவமலர் யன்னலைப் பார்த்துக் கும்பிட்டு, பிறகு பக்கத்துவீட்டுக்காரியிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள், "வந்தனீங்கள், வந்தமட்டில சந்தோஷம். ஆனா வந்ததுக்கு ஒரு வழியையும் காட்டிப்போட்டுப் போங்கோ." சூரியன் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. மத்தியானம் வழமைபோல மேற்சட்டத்துக்குள் போனது. பின்னாளில் ஊர்க்காரர் இதைப் பற்றிப் பேசும்போது, அந்தச் சூரியன் எதற்கு வந்தது என்று யாரும் கேட்டதில்லை, எந்த நாளில் வராமல் நின்றது என்பதில்கூட ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போனதில்லை. சுவர்க்கடதாசியில் யன்னலுக்கு எதிரே மங்கிப்போன ஒரு சதுரம் இருந்தது, அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்து ஒரு கிழமையில் ஸ்வெர்ரே வந்தார். சனிக்கிழமை, குசினி நிரம்பி வழிந்த நேரம். சப்பாத்தைக் கழற்ற வாசலில் இடமில்லாமல் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ எழும்பிக் கதிரை கொடுத்தார்கள். தவமலர் மூன்றுதரம் கேட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். வெயில் அவருடைய வெள்ளைக் கன்னத்தில் விழ, அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியாகவே சொன்னார், அந்த ஊரில் இரகசியம் பேசுகிற வழக்கமில்லை.

"பரா, புது ஆள் தெற்கிலிருந்து வருகிறான். மாசி முடிவில் அவனுக்கு வீடு வேண்டும். நான் வீட்டை அளவெடுக்க வந்தேன். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் நீ வேலை வேண்டாம் என்றாய்."

எல்லாரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். சுகிர்தா வாயைத் திறந்தாள். தராசின் தட்டு அவளுடைய நாக்கில் ஏறி நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"உங்களுக்கு விளங்கினதுதானே."

"நீ சொல்லு பிள்ளை."

"சொல்லமாட்டன்." குசினியில் தமிழ் தெரியாதவர்களுக்கும் அது விளங்கியது. "அண்டைக்கு நீங்கள் வேண்டாமெண்டது பொய் வேண்டாமெண்டு எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரியாதெண்டும் எனக்குத் தெரியும். நிறுத்துச் சொல்லெண்டியள், நிறுத்துச் சொன்னன், வீடு போச்சுது. இனி அவர் கேக்கமாட்டாரப்பா. இஞ்ச ஒருத்தரும் ரெண்டாந்தரம் கேக்கிறேல்லை. வேணுமெண்டா நீங்கள் கேளுங்கோ."

"நானோ? என்ர வாயாலயோ?"

"உங்கட வாயாலதான். என்ர வாய் எனக்கு வேணும்."

சொல்லிவிட்டு அவள் கதவு நிலையோடு போய் ஒட்டி நின்றாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது, பிறகு அது கோபமாக மட்டும் இல்லை. அவருக்கு அந்த மொழி அறவே தெரியாது என்றில்லை. ஆறு வருஷத்துத் தொழிற்சாலைத் தரையில் மீன்களின் பெயர்களும், கத்திகளின் பெயர்களும், தூஷணங்களும், கொஞ்சம் எண்களும் காதில் ஏறியிருந்தன. சங்கக்கடை முகாமையாளராக இருந்த மனிதர் அந்தத் துண்டுச் சொற்களை வைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் வாய்திறக்கக் கூசியிருந்தார், அவ்வளவுதான்.

"கேளுங்கோவன்!" என்றாள் தவமலர். "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ?"

பரராஜசிங்கம் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதுகு ஒருதரம் பிடித்துப் பிறகு விட்டது. ஸ்வெர்ரேக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாய் எடுத்து மேசையில் வைப்பதுபோல வைத்தார்.

"தூண்டில். கொட்டில். வேலை. நான். வேண்டும்."

ஸ்வெர்ரேயின் முகம் வாடியது. "பரா, இல்லை. முடியாது. அந்த இடத்துக்குத்தான் அவன் வருகிறான்."

குன்வூர் கண்ணைத் தாழ்த்தினாள். பொறியியலாளர் கோப்பைக்குள் பார்த்தார். அந்த ஊரில் ஒருவர் இல்லை என்றால் அதோடு முடிந்தது, மற்றவர் தொப்பியை எடுக்கவேண்டியதுதான். ஆனால் சுகிர்தா அப்பாவின் முகத்தில் அன்று கண்டது வேறு. அது மலர்ந்தது. விழுந்து முதுகு போன நாளிலிருந்து காணாத மலர்ச்சி. தெரியாத ஊரில் இவ்வளவு காலமும் வழி தெரியாமல் நின்றவர், சட்டென்று தனக்குப் பழகிய ஒழுங்கைப் பாதைக்குள் வந்து இறங்கியதுபோல இருந்தது. இப்போதுதானே பேச்சுத் தொடங்கியிருக்கிறது! இது முதலாவது இல்லை. முதலாவது இல்லையை யார் கணக்கில் எடுப்பார்கள்?

"சீனி போடு," என்று சிரித்துக்கொண்டே பேணியை ஸ்வெர்ரேயின் பக்கம் தள்ளினார். "குடி. வேலை வேண்டும்."

"இல்லை என்று சொன்னேனே."

"ரெண்டு," என்றார் வல்லிபுரம் அண்ணை, யன்னலடியிலிருந்து, கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி.

சுகிர்தாவின் வாய் துடித்தது. அப்பா சொற்களைத் தலைகீழாய்ப் போட்டார், ஆணைப் பெண்ணாக்கினார், இறந்தகாலத்தை எங்கேயோ தொலைத்தார். திருத்திவிடலாம், ஒரு நொடி வேலை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்வெர்ரே," என்றார் அப்பா மூன்றாந்தரம், அவருடைய தோளில் கைவைத்து, கரவெட்டியில் சம்பந்தம் பேசப் போன இடத்தில் இருக்கிற மாதிரி நெருங்கி இருந்து. "கொட்டில் பெரிசு. தூண்டில் நிறைய. கதிரை இன்னும் ஒன்று போடு. நான் வேண்டும். நீயும் நான் வேண்டும்."

ஸ்வெர்ரே வாயைத் திறந்தார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. ஐம்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் அவரிடம் யாரும் ஒரே விஷயத்தை மூன்றுதரம் கேட்டதில்லை. முதலாவது இல்லை அவரிடம் இருந்தது, தேவைப்பட்டால் இரண்டாவதும் இருந்தது, மூன்றாவதை அவருக்கு அவருடைய தாய்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வெயில் கழுத்தில் சுட்டது. வியர்த்தது. மார்கழிக்கும் மாசிக்கும் நடுவில், ஸ்னேவோக்கில், ஸ்வெர்ரேக்கு வியர்த்தது.

"இன்னொரு கதிரை போடலாம்தான்," என்றார். "பங்குனியில் மீன் கூடும்போது கொட்டிலில் ஆள் போதாது. பார்க்கலாம்."

"பார்க்கலாம் என்றால் என்ன?" என்றாள் குன்வூர். "ஆம் என்று சொல்."

"வீடு?" என்றார் பரராஜசிங்கம்.

"புது ஆள் தனி ஆள். அலுவலகத்துக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, ஆனால் அது..."

"வீடு. வேண்டும்."

"ஆம்," என்றார் ஸ்வெர்ரே. "ஆம், ஆம்." இரண்டு கையையும் தூக்கி. அளவுநாடா சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

தவமலர் அடுப்புப் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு, வாசலில் ஒரு மீனைக் கடதாசியில் சுற்றி வைத்துக்கொண்டு கொடுப்பதா விடுவதா என்று நின்ற பஸ் சாரதியைக் கண்டு, "கொண்டாங்கோ" என்று தமிழிலேயே கையை நீட்டினாள். அவர் திகைத்துப்போய்க் கொடுத்தார். குசினியில் எல்லாரும் ஒரேநேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யாரும் சுகிர்தாவைத் தேடவில்லை. அப்பா ஸ்வெர்ரேயோடு ஏதோ ஒரு மீனின் நீளத்தைக் கையால் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தவர், நிலையோடு ஒட்டி நின்ற அவளைத் திடீரென்று கண்டு கேட்டார்.

"நீயேன் இன்னும் இதுக்குள்ள நிக்கிறாய்? பெரியாக்கள் கதைக்கிற இடத்தில உனக்கென்ன வேலை? வெளியால போய் விளையாடு."

அவர் அதைப் பகிடியாகத்தான் சொன்னார், பாதி வெட்கத்தோடு. ஏழு வயதுக்குப் பிறகு அப்படி யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. என்ன விளையாடுவது என்று யோசித்துக்கொண்டே, ஊருடைய சப்பாத்துகளுக்கு நடுவில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

தெருவில் ஒரு சனமில்லை. ஊர் முழுவதும் அவளுடைய வீட்டுக் குசினிக்குள் இருந்தது. பனி நீலமாய்க் கிடந்தது. வெதுப்பகத்து யன்னலில் தட்டு நிறைய இனிப்புப் பணிஸ்கள் வாங்க ஆளில்லாமல் ஆறிக்கொண்டிருந்தன. சூரியன் திரும்பி வருகிற நாளில் ஊரே மேட்டில் ஏறி நின்று தின்கிற பணிஸ், அதைச் சுட்டவரும் சுட்டு வைத்துவிட்டு மேலே வெயில் காயப் போயிருந்தார். தன் வீட்டு யன்னலை அவள் அண்ணாந்து பார்த்தாள், அது சும்மா மஞ்சளாய்த் தெரிந்தது. அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் யாரையோ இரண்டாந்தரம் கேட்பதும், ஒரு பெரிய சிரிப்பும் கேட்டன. அவள் மேட்டுக்கு நடந்தாள்.

அவள் மேட்டில் கால்வைத்த நேரம், எதிர்மலையின் பல்லிடுக்கில், மீன் தொங்குகிற மரச்சட்டங்களுக்கு அப்பால், செக்கச் சிவந்த ஒரு நகத்துண்டு எட்டிப் பார்த்தது. சூடு இல்லை. குசினிச் சூரியனுக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமேயில்லை. என்றாலும் அது பனி முழுவதையும் ஒரேதரத்தில் ரோசாப்பூ நிறமாக்கியது, அவளுடைய காலடியிலிருந்து ஒரு நிழலை எடுத்து நீட்டி, நீட்டி, கீழே துறைமுகம் வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டது. ஸ்னேவோக்கில் அதைக் கண்ட ஆள் அவள் ஒருத்திதான்.

ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்று உடம்பு திரும்பிவிட்டது. எந்த மொழியில் முதலில் என்று நாக்கும் தேடத் தொடங்கிவிட்டது. பிறகு நின்றாள். அது மலைக்குப் பின்னால் இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ விட்டுப்போன ஒரு பிளாஸ்டிக் சறுக்குத்தட்டு பனிக்குள் பாதி புதைந்து கிடந்தது. அதை இழுத்தெடுத்து, ஏறி இருந்து, காலால் உந்தினாள். தட்டு மெல்லத் தொடங்கிப் பிறகு வேகம் பிடித்துக் கடலைப் பார்த்துப் பறக்க, சுகிர்தா வாயை அகலத் திறந்து, ஒரு சொல்லும் இல்லாமல், வாய்நிறையக் குளிர்காற்றை விழுங்கிக்கொண்டு போனாள்.